கட்சிக் கட்டத்தில் எதை நிரப்புவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டுத் தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். அவனும் அவன் மனைவியும் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சூட்டோடு சூடாக வாக்காளராகவும் பதிவு செய்துவிடலாம் என்று பென்சில்வேனியா மாநிலத்தின் இணையப் படிவத்தைத் திறந்திருந்தான். பெயர், முகவரி, ஓட்டுநர் உரிம எண் எல்லாம் போட்டாயிற்று. ஒரு கட்டத்தில் மட்டும் சிக்கிக்கொண்டான். எந்தக் கட்சி என்று கேட்கிறது. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, பசுமைக் கட்சி, லிபர்டேரியன் கட்சி, எதுவும் இல்லை, வேறு.

“என்னண்ணா இது, ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே எந்தக் கட்சின்னு கேக்கறான்? ரெண்டு பேரையும் பாத்தாலே எரிச்சலா வருது. ‘இல்லை’ன்னு போட்டுடறேன்.”

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 2019-இல் குடியுரிமை வாங்கியபோது நானும் அதைத்தான் போட்டேன். அதிபர் தேர்தல் வந்தால் பென்சில்வேனியாக்காரன் படும் பாடு அப்படி. எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலம் என்பதால் ஊரில் உள்ள பணமெல்லாம் இங்கே வந்து கொட்டுகிறது. 2024 அக்டோபரில் எங்கள் தபால் பெட்டியைத் திறந்தால் தினமும் ஐந்தாறு வழவழ அட்டைகள் விழும். ஒன்றில் இவர் வந்தால் நாடு அழியும், அடுத்ததில் அவர் வந்தால் அழியும். குறுஞ்செய்தி வேண்டாம் என்று பதில் அனுப்பினால் வேறு எண்ணிலிருந்து வரும். யூடியூபில் சமையல் வீடியோ பார்க்க உட்கார்ந்த என் மனைவி, ரசம் ஒரு கொதி வருவதற்குள் நான்கு தேர்தல் விளம்பரம் பார்த்து முடித்திருந்தாள்.

இந்தச் சலிப்பு குடியேறி வந்த நமக்கு மட்டும் உரியதல்ல. பியூ ஆய்வு மையம் 2023-இல் கேட்டபோது, அரசியலைப் பற்றி நினைத்தாலே களைப்பாக இருக்கிறது என்றவர்கள் 65 சதவீதம். நம்பிக்கை வருகிறது என்றவர்கள் 10 சதவீதம். இரண்டு கட்சிகளையும் பிடிக்கவில்லை என்றவர்கள் 28 சதவீதம். கேலப் நிறுவனத்தின் 2024 கணக்கில் தன்னைச் சுயேச்சை என்று சொல்லிக்கொண்டவர்கள் 43 சதவீதம்; இரண்டு பெரிய கட்சிக்கும் தலா 28தான். ஆனால் இந்த 43-ஐப் பார்த்து ஏமாறக் கூடாது. ‘சரி, எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வீர்கள்?’ என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு பக்கம் நகர்ந்துவிடுவார்கள். கடைசிவரை நடுவில் நிற்பவர் பத்துப் பேரில் ஒருவர்தான் தேறுவார்.

எரிச்சல் உண்மை. அதை எந்தக் கட்டத்தில் போட்டால் யாருக்காவது உறைக்கும் என்பதுதான் தம்பிக்கும் எனக்கும் அன்று நடந்த வாக்குவாதம். அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

‘இல்லை’ என்று போட்டால்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2021 மே 18, செவ்வாய்க்கிழமை. பிரைமரி நாள். அதாவது நவம்பர் தேர்தலில் தன் சார்பில் யார் நிற்பது என்று ஒவ்வொரு கட்சியும் வாக்காளர்களையே கேட்டு முடிவு செய்யும் நாள். நம் ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிக்கும். நேர்காணல் என்ற பெயரில் ஒரு சடங்கு நடக்கும். இங்கே அந்த வேலை வாக்குச்சாவடியில் நடக்கிறது. வேலைக்குப் போகிற வழியில் எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தின் கூடத்துக்குப் போனேன். மேசையில் இருந்த அம்மா பதிவேட்டைப் புரட்டி, என் பெயரைக் கண்டுபிடித்து, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நீங்கள் எந்தக் கட்சியிலும் இல்லை, அதனால் உங்களுக்கு வேட்பாளர் பெயர்கள் கிடையாது, கேள்விகள் மட்டும்தான் என்றார். கையில் தந்த சீட்டில் நான்கு கேள்விகள். ஆளுநரின் அவசரகால அதிகாரத்தைக் குறைப்பது பற்றி இரண்டு, இன அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று மாநில அரசியலமைப்பில் சேர்ப்பது பற்றி ஒன்று. கடைசியாக, மாநிலத்தின் கடன் திட்டத்தில் சம்பள ஊழியர்கள் உள்ள தீயணைப்புத் துறைகளையும் சேர்க்கலாமா என்று ஒன்று. தீயணைப்பு நிலையத்துக்குள் நின்றுகொண்டு, தீயணைப்பு நிலையங்களுக்குக் கடன் கொடுக்கலாம் என்று முட்டைவடிவக் கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்தேன்.

எனக்கு அடுத்து வந்தவர் ஒரு கட்சியில் பதிந்தவர். அவருக்கு நீதிபதிகள், பள்ளி வாரிய உறுப்பினர்கள் என்று நீளமான சீட்டு. அந்த வருடம் பள்ளி வாரியம் என்றால் சாதாரண விஷயமில்லை. முகக்கவசம் கட்டாயமா, பள்ளியை எப்போது முழுதாகத் திறப்பது என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. போதாததற்கு, பென்சில்வேனியாவில் நாம் கட்டும் வீட்டு வரியின் பெரும்பங்கான பள்ளி வரியை நிர்ணயிப்பதும் அந்த வாரியத்தின் ஒன்பது பேர்தான். பள்ளி வாரியத்துக்கு நிற்பவர் இரண்டு கட்சி பிரைமரியிலும் ஒரே சமயத்தில் பெயர் கொடுக்கலாம் என்று இங்கே ஒரு விதி உண்டு. இரண்டிலும் ஜெயித்துவிட்டால் நவம்பர் சீட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கட்சியின் பெயரும் நிற்கும். எதிரே ஆளே இருக்காது. நவம்பரில் நான் போனபோது பார்த்தேன், சில இடங்களுக்கு முடிவு மே மாதமே எழுதப்பட்டிருந்தது.

கட்சி வேண்டாம் என்றதற்குக் கிடைத்த தண்டனை என்று அன்று கோபப்பட்டேன். இப்போது கோபம் இல்லை. விதி தெரியாமல் போனது என் தப்பு. பந்திக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இலை எங்கே என்று கேட்ட கதை.

ஆனால் ‘இல்லை’ என்பது எல்லா ஊரிலும் இதே விலை கேட்பதில்லை. டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் கட்சி சேராதவர் பிரைமரி நாளன்று நேரே சாவடிக்குப் போய், இந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். அன்றிலிருந்து அந்தக் கட்சிக்காரர் என்று பதிவாகிவிடும். மறுபடி ‘இல்லை’ ஆக வேண்டுமென்றால் ஒரு படிவம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். டெக்ஸஸ், வர்ஜீனியா, ஜார்ஜியா, மிச்சிகன், இல்லினாய் மாநிலங்களில் கட்சிப் பதிவு என்ற பேச்சே கிடையாது. டாலஸில் இருக்கும் என் சித்தி மகன் மார்ச் மாதம் சாவடிக்குப் போய் அன்றைக்கு எந்தச் சீட்டு தோன்றுகிறதோ அதை வாங்குகிறான். நியூ யார்க் இதற்கு நேர் எதிர். பதிந்த கட்சிக்காரருக்கு மட்டும்தான் பிரைமரி. கட்சி மாற வேண்டுமென்றால் பிப்ரவரி 14-க்குள் மாற வேண்டும், பிரைமரியோ ஜூனில். காதலர் தினத்தன்று கட்சியை முடிவு செய்யச் சொல்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே ‘அமெரிக்கன் இண்டிபெண்டண்ட் கட்சி’ என்று ஒரு கட்சி. இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் 1968-இல் அதிபர் தேர்தலில் நின்றாரே, அந்தக் காலத்தில் முளைத்தது. ‘சுயேச்சை’ என்று நினைத்துக்கொண்டு அதில் பதிந்தவர்கள் லட்சக்கணக்கில். 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் விசாரித்தபோது, பதிந்தவர்களில் பெரும்பாலானோருக்குத் தாங்கள் ஒரு கட்சியில் இருப்பதே தெரியவில்லை. கட்டத்தை நிரப்பும்போது பொடி எழுத்தையும் படிக்க வேண்டும்.

ஏதாவது ஒரு கட்சியைப் போட்டால்

தம்பியிடம் நான் வாதாடியது இதற்குத்தான். அதனால் இதன் கெட்ட பக்கத்தை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறீர்கள் என்பது ரகசியமில்லை. யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதுதான் ரகசியம். பென்சில்வேனியாவின் மொத்த வாக்காளர் பட்டியலையும் 20 டாலர் கட்டினால் மாநிலமே கொடுக்கும். அதில் பெயர், கட்சி, எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தீர்கள் என்பதெல்லாம் இருக்கும். பட்டியலை வாங்குபவர்கள் யார் என்று கேட்க வேண்டுமா? நன்கொடை கேட்டு வரும் கடிதமும் குறுஞ்செய்தியும் கூடும். மேலாளர் என்ன நினைப்பார், கோயில் கமிட்டியில் என்ன பேசுவார்கள் என்று தயங்குபவர்களுக்கு இது ஒரு நெருடல்தான். இன்னொன்றும் உண்டு. ஒரு பெயரைப் போட்டுக்கொண்டால் மனசும் மெல்ல அந்தப் பக்கம் ஒட்ட ஆரம்பித்துவிடும். நம் ஆட்கள் என்று தோன்றத் தொடங்கும். இதை என்னிடமே நான் பார்த்திருக்கிறேன். எந்தக் கட்சி என்று இங்கே சொல்லப்போவதில்லை.

சரி, இவ்வளவுக்கும் பிறகு ஏன் போட வேண்டும்?

அமெரிக்க மக்களவையில் 435 இடங்கள். அவற்றில் நவம்பரில் உண்மையான போட்டி நடப்பது சில டஜன் இடங்களில்தான். மற்ற தொகுதிகள் எல்லாம் ஏதோ ஒரு கட்சியின் கோட்டை. பாதி, மக்கள் தங்களைப் போன்றவர்களோடு சேர்ந்தே குடியிருப்பதால்; மீதி, தொகுதியின் எல்லையை ஆளும் கட்சி தன் வசதிக்கு வளைத்து வரைந்துகொள்வதால். கோட்டையில் பிரைமரிதான் தேர்தல். நவம்பர் வெறும் முத்திரை குத்தும் நாள். அந்தப் பிரைமரிக்கு வருபவர்களோ ஒரு கைப்பிடி.

2014-இல் வர்ஜீனியாவில் எரிக் கேன்டர் பிரைமரியில் தோற்றார். அப்போது அவர் மக்களவையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர். அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர். அவரை வீழ்த்தியவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். ஏழு லட்சம் பேருக்கு மேல் வாழும் தொகுதியில் அன்று விழுந்த வாக்குகள் சுமார் 65 ஆயிரம். 2018-இல் நியூ யார்க்கில் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஜோ கிரௌலியை அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் தோற்கடித்தபோது விழுந்தவை சுமார் 30 ஆயிரம். ஒருவர் வலது பக்கமிருந்து அடித்தார், மற்றவர் இடது பக்கமிருந்து. எனக்கு இருவர் கொள்கையிலும் முழு உடன்பாடு கிடையாது. ஆனால் வாஷிங்டனில் பத்து வருடத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களை ஒரு கல்யாண மண்டபக் கூட்டத்தைக் கொஞ்சம் பெருக்கினால் வரும் எண்ணிக்கை வீட்டுக்கு அனுப்பியது. கோபத்துக்கு இவ்வளவு எடை வேறெங்கும் இல்லை.

ஜெயிக்காவிட்டாலும் பிரைமரியில் போடும் எதிர்ப்பு எண்ணப்படுகிறது, பேசப்படுகிறது. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக டிரம்போடு போட்டியிட்ட நிக்கி ஹேலி 2024 மார்ச்சில் விலகிவிட்டார். ஏப்ரல் 23 அன்று பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் அவருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. ஓடாத குதிரை மேல் ஒன்றரை லட்சம் பேர் பணம் கட்டினார்கள். அதே வருடம் பிப்ரவரியில் மிச்சிகனின் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில், காஸா போர் விஷயத்தில் பைடன் மேல் இருந்த கோபத்தில் ‘யாருக்கும் உறுதி இல்லை’ என்ற கட்டத்தை நிரப்பியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க அது செய்தியானது. இரண்டு இடத்திலும் குரல் எழுப்ப முடிந்தது அந்தந்தக் கட்சியின் சீட்டைக் கையில் வைத்திருந்தவர்களால்தான். பென்சில்வேனியாவில் ‘இல்லை’ என்று பதிந்திருந்தவர் ஹேலிக்குப் போட முடியாது.

“அப்போ பிடிக்காத கட்சியில நான் சேரணுமாண்ணா?”

சேர வேண்டாம், பதிந்தால் போதும். இதற்கு உறுப்பினர் அட்டை கிடையாது, சந்தா கிடையாது, மாவட்டச் செயலாளர் போன் செய்து கூட்டத்துக்கு வரச் சொல்ல மாட்டார். நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம்; பிரைமரிக்கு 15 நாள் முன்பு வரை இங்கே நேரம் உண்டு. ரேஷன் கார்டில் அரிசியா சர்க்கரையா என்று எழுதிக் கொடுப்பது போலத்தான். வீட்டுக்கு எது உபயோகமோ அதைப் போட வேண்டும். நீ இருக்கிற இடத்தில் எந்தக் கட்சி ஜெயிக்குமோ, அந்தக் கட்சியின் பிரைமரியில்தான் உன் வாக்குக்கு வேலை இருக்கிறது. அது உனக்குப் பிடிக்காத கட்சியாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே நிற்கும் நான்கு பேரில் கொஞ்சம் நிதானமானவர் யார் என்று பார்த்துப் போடு.

இது நாணயமா என்று அவன் கேட்டான். சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. மற்றபடி, அந்தக் கட்சியைக் கவிழ்ப்பதற்காகவே மோசமான ஆளுக்குப் போடுவது எனக்குப் பிடிக்காது. அந்த ஆள் ஜெயித்துவிட்டால் ஐந்து மாதம் கழித்து நம் தலையில்தான் விடியும்.

மூன்றாவது கட்சி

தம்பிக்கு இதில்தான் ஆசை. படிவத்திலேயே இரண்டு பெயர் இருக்கிறதே. ஆனால் பென்சில்வேனியாவில் பசுமைக் கட்சியிலோ லிபர்டேரியன் கட்சியிலோ பதிந்தாலும் பிரைமரிச் சீட்டு கிடைக்காது. அவர்கள் கையெழுத்து வாங்கித்தான் நவம்பர் சீட்டில் இடம் பிடிக்க வேண்டும். பிரைமரி நாளில் ‘இல்லை’ என்பதும் இதுவும் ஒன்றுதான்.

நவம்பரில் போட்டால்? 1992-இல் டெக்ஸஸ் கோடீஸ்வரர் ராஸ் பெரோ தனியாக நின்று 18.9 சதவீத வாக்கு வாங்கினார். ஏறத்தாழ இரண்டு கோடி மக்கள். கிடைத்த எலக்டர்கள், அதாவது அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் பிரதிநிதிகள், பூஜ்யம். எந்த மாநிலத்திலும் முதலாவதாக வராததால் அத்தனை வாக்கும் காற்றோடு போயிற்று. 2000-இல் ஃபுளோரிடாவில் புஷ் ஜெயித்த வித்தியாசம் 537 வாக்குகள். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு அங்கே விழுந்தவை 97 ஆயிரத்துக்கு மேல். 2016-இல் எங்கள் பென்சில்வேனியாவில் டிரம்ப் ஜெயித்த வித்தியாசம் 44,292. பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் வாங்கியது 49,941. இந்த எண்களைக் காட்டி, நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஸ்டைனுக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் ஹிலரிக்குப் போட்டிருப்பார்கள்? பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். லிபர்டேரியன் கேரி ஜான்சன் அதே மாநிலத்தில் வாங்கியது ஸ்டைனைப் போல மூன்று மடங்கு. அது யார் வீட்டுப் பானையிலிருந்து போனது?

இதில் இடம்தான் முக்கியம். நியூ ஜெர்சி 1988-க்குப் பிறகு அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி பக்கம் போனதே இல்லை. அங்கே எடிசன் நகரில் இருப்பவர் மூன்றாவது கட்சிக்குப் போட்டால் அது ஒரு அறிக்கை, பெரிய ஆபத்தில்லை. டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் அதே வாக்கு சூதாட்டம். 2016 இப்படி, 2020 அப்படி, 2024 மறுபடி இப்படி என்று புரண்டுகொண்டே இருக்கும் மாநிலம் இது. 2000-இல் கெட்டிக்காரர்கள் சிலர் இணையத்தில் வாக்கு மாற்றிக்கொண்டார்கள். பாதுகாப்பான மாநிலத்துக்காரர் நேடருக்குப் போடுவார், இழுபறி மாநிலத்துக்காரர் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குப் போடுவார் என்று வாய்வார்த்தை ஒப்பந்தம்.

மூன்றாவது கட்சிக்கு உருப்படியான இடம் கீழ்மட்டத்தில் இருக்கிறது. பிலடெல்பியா நகர மன்றத்தில் நகரம் முழுக்கப் போட்டியிடும் ஏழு இடங்களில், ஒரு கட்சி ஐந்து பேரைத்தான் நிறுத்தலாம். மீதி இரண்டு எப்படியும் மற்றவர்களுக்கு. பல்லாண்டுகளாக அது குடியரசுக் கட்சியின் மானியம் மாதிரி இருந்தது. 2019-இல் ஒர்க்கிங் ஃபேமிலீஸ் என்ற சிறு கட்சி அதில் ஒன்றைப் பிடித்தது, 2023-இல் இரண்டையும். எல்லோரும் அதிபர் தேர்தலில் தலையை முட்டிக்கொண்டிருந்தபோது இவர்கள் நகரச் சாசனத்தைப் படித்திருக்கிறார்கள். நியூ யார்க்கில் இதே கட்சி வேறு வழியில் பிழைக்கிறது. ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்தலாம்; எந்தக் கட்சியின் வரிசையில் போட்டாலும் வாக்கு அவருக்கே சேரும், ஆனால் எந்த வரிசையில் எவ்வளவு என்று தனியாகத் தெரியும். ‘உனக்குப் போடுகிறேன், ஆனால் இவர்கள் சொன்னதற்காகப் போடுகிறேன்’ என்று சொல்ல முடிகிறது. பெரும்பாலான மாநிலங்களில் இதற்குத் தடை. தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் சொல்லிவிட்டது.

எழுதிப் போடுவது, நோட்டா, போகாமலே இருப்பது

சீட்டில் இல்லாத பெயரைக் கையால் எழுதிப் போடலாம். மிக்கி மவுஸுக்கெல்லாம் வாக்கு விழும். 2010-இல் அலாஸ்காவின் லிசா மர்கௌஸ்கி பிரைமரியில் தோற்றுவிட்டு, பெயரை எழுதச் சொல்லியே செனட் தேர்தலில் ஜெயித்தார். அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லித்தரவே தொலைக்காட்சி விளம்பரம் ஓட்டினார்கள். ஐம்பத்தாறு வருடத்தில் ஒரு தடவை நடந்த அதிசயம் அது. அதை நம்பி யாரும் கடை திறக்க வேண்டாம்.

நோட்டா இங்கே நெவாடாவில் மட்டும் இருக்கிறது, 1975-இல் வந்த சட்டத்திலிருந்து. நாம் 49-ஓ படிவம் கேட்டு வாக்குச்சாவடி அதிகாரியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்துக்கு முன்பே. நம் இயந்திரத்தில் அந்தப் பொத்தான் 2013-இல்தான் வந்தது. 2024 பிப்ரவரியில் நெவாடாவில் நடந்த குடியரசுக் கட்சிப் பிரைமரி நல்ல கூத்து. டிரம்ப் அதில் நிற்காமல், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி தனியாக நடத்திய கூட்டத்துக்குப் போய்விட்டார். பெரிய எதிரி யாருமே இல்லாத ஹேலி, ‘இவர்களில் யாரும் இல்லை’ என்ற கட்டத்திடம் தோற்றார். 30 சதவீதம் அவருக்கு, 63 சதவீதம் யாருக்கும் இல்லை. சிரித்தாயிற்று, அதனால் மாறியது ஒன்றுமில்லை. அந்தக் கட்டம் முதலாவதாக வந்தாலும் அடுத்து நிற்கும் மனிதர்தான் ஜெயித்தவர்.

போகாமலே இருப்பவர்கள்தான் அமெரிக்காவின் மிகப் பெரிய கட்சி. 2024-இல் தகுதி இருந்தும் வாக்களிக்காதவர்கள் ஏறத்தாழ ஒன்பது கோடி. டிரம்புக்கு விழுந்தது 7.7 கோடி, ஹாரிஸுக்கு 7.5 கோடி. ஆனால் அந்த 20 டாலர் பட்டியலை நினைத்துப் பாருங்கள். தேர்தல் வேலை செய்பவர்கள் முதலில் வடிகட்டுவது போன தடவை வராதவர்களைத்தான். கதவைத் தட்டுவதில்லை, என்ன குறை என்று கேட்பதில்லை. கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்தவரும் தூங்கிப்போனவரும் அதில் ஒரே வெற்றிடம்.

விதியையே மாற்றுவது

“அண்ணா, மெயின் ஸ்டேட்ல ஒண்ணு ரெண்டுன்னு வரிசை போட்டு ஓட்டுப் போடறாங்களாமே?”

போடுகிறார்கள். முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எழுத வேண்டும். கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தைச் சேர்ப்பார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு இது புதிதில்லை. 2024 அதிபர் தேர்தலில் அங்கே முதல் முறையாக இரண்டாம் விருப்பு வாக்கு எண்ண வேண்டி வந்தது. மெயின் மாநிலம் 2016-இல் மக்கள் வாக்கெடுப்பில் இதைக் கொண்டுவந்தது. 2018-இல் அங்கே முதல் சுற்றில் பின்தங்கியிருந்த ஜேரட் கோல்டன், சிறு வேட்பாளர்களின் வாக்கு பிரிந்து வந்ததும் மக்களவைக்கு ஜெயித்தார். அலாஸ்கா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே எல்லோருக்கும் ஒரே பிரைமரி. கட்சி பார்க்காமல் முதல் நான்கு பேர் நவம்பருக்குப் போவார்கள், அங்கே வரிசை வாக்கு. முன்பு பெயரை எழுத வைத்து ஜெயித்த அதே மர்கௌஸ்கி 2022-இல் இந்த முறையில் சுலபமாக மூச்சு விட்டார்.

எனக்கு இந்த வழிதான் எல்லாவற்றையும்விடப் பிடித்திருக்கிறது. மூன்றாவது கட்சிக்குப் போட்டால் வாக்கு வீணாகும் என்ற பயமே போய்விடுகிறது. ஆனால் வேகமாகப் பரவும் என்று நம்பியவர்களுக்கு 2024 நவம்பர் நல்ல அடி கொடுத்தது. கொலராடோ, நெவாடா, ஐடஹோ, ஒரிகன் என்று வரிசையாகத் தோற்றது. மிசூரி தடையே போட்டுவிட்டது. அலாஸ்காவில் இதை எடுத்துவிடலாம் என்ற தீர்மானம் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில்தான் தோற்றது. இரண்டு கட்சிகளும் ஒற்றுமையாகச் சேர்ந்து எதிர்க்கும் அபூர்வ விஷயங்களில் இது ஒன்று.

கலிஃபோர்னியா போல, எல்லோரும் ஒரே பிரைமரியில் நின்று முதல் இருவர் மட்டும் நவம்பருக்குப் போகும் முறையும் உண்டு. அதிலும் ஓட்டை இருக்கிறது. 2012-இல் ஜனநாயகக் கட்சி பக்கம் சாய்ந்த ஒரு தொகுதியில் அந்தக் கட்சிக்காரர்கள் நான்கு பேர் நின்று வாக்கைப் பிரித்துக்கொண்டதில், நவம்பர் சீட்டில் இருந்த இருவருமே குடியரசுக் கட்சிக்காரர்கள்.

எது எப்படியோ, பென்சில்வேனியாவில் மக்கள் கையெழுத்து திரட்டி ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் வழி மாநில அளவில் கிடையாது. சட்டமன்றம்தான் மாற்ற வேண்டும். சட்டமன்றத்தில் இருப்பவர்கள் யார்? இந்தப் பிரைமரியில் ஜெயித்து வந்தவர்கள். ஆக, விதியை மாற்றும் வழியும் அதே தீயணைப்பு நிலையக் கூடம் வழியாகத்தான் போகிறது.

தம்பி படிவத்தை அன்று நிரப்பவில்லை. மறுநாள் அனுப்பினான். எங்கள் செஸ்டர் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) காலங்காலமாகக் குடியரசுக் கட்சியின் இடமாக இருந்தது. 2019-இல்தான் முதல் முறையாகக் கவுண்டி ஆட்சி ஜனநாயகக் கட்சிக்கு மாறியது. இரண்டு பிரைமரியுமே இங்கே கவனிக்க வேண்டியவைதான். அதனால் அவனும் மனைவியும் பேசி, ஆளுக்கொரு கட்சியில் பதிவது, மே மாதம் இரண்டு சீட்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சேர்ந்து யோசிப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். யாருக்கு எது என்று பேப்பரில் எழுதிச் சுருட்டி மகளை எடுக்கச் சொன்னார்களாம்.

நேற்று வாசலில் பார்த்தேன். கையில் இரண்டு கவர்கள், ஒன்று அவன் பெயருக்கு, மற்றது அவள் பெயருக்கு. இரண்டிலும் நாடு ஆபத்தில் இருப்பதாகவும் 25 டாலர் அனுப்பினால் காப்பாற்றிவிடலாம் என்றும் எழுதியிருந்தது.

“ரெண்டையும் ஒரே பிரஸ்ல அடிச்சிருப்பானுங்க போல, பேப்பர் ஒண்ணா இருக்குண்ணா,” என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.